9 வெற்றி, 0 தோல்வி, 70,000 டாலர் பற்று

முதலில் மொத்தக் கணக்கு. ஆண்டு 1951. அணி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் ‘டான்ஸ்’. ஆடிய ஆட்டங்கள் 9. வெற்றி 9, சமன் 0, தோல்வி 0. பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கும் ஏ.பி. தரவரிசையில் இடம் 14. பருவ முடிவில் ஆடக் கிடைத்த ‘பவுல்’ ஆட்டம் 0. கல்லூரியின் விளையாட்டுத் துறைக் கணக்கில் விழுந்த துண்டு சுமார் 70,000 டாலர். அணியில் இருந்த கறுப்பின வீரர்கள் 2 பேர். அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியில் கால்பந்து அணியே இல்லை.

இந்த எண்களில் கடைசி மூன்றுக்கும் உள்ள உறவுதான் இக்கட்டுரை. 70,000 டாலர் பற்று என்று கல்லூரிக் கணக்கில் எழுதப்பட்டது. அந்தப் பற்று உண்மையில் யார் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆட்டக் கணக்கு

இங்கே கால்பந்து என்பது நாம் ஆடும் உதைபந்து அல்ல. தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஒரு பக்கம் 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்துடன் எதிரணியின் கோட்டைக் கடந்தால் ‘டச்டவுன்’, 6 புள்ளி. அதன் பிறகு உதைத்து ஒரு புள்ளி சேர்க்கலாம். நேரடியாக உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3. பந்து வைத்திருப்பவனை அவனுடைய சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால், மடக்கிய அணிக்கு 2. தாக்கும் அணிக்கு 4 முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து கை மாறும். இவ்வளவு தெரிந்தால் கீழே உள்ள பட்டியலைப் படித்துவிடலாம்.

9 ஆட்டங்களில் 2 ஆட்டங்கள் கலிபோர்னியாவின் படைத்தள அணிகளோடு. ஒன்று கேம்ப் பெண்டில்டன் மரைன் அணி, மற்றொன்று சான் டியேகோ கடற்படை அணி. மீதி 7 ஆட்டங்கள் கல்லூரிகளோடு:

சான் ஹோசே ஸ்டேட்: 39–2
ஐடஹோ: 28–7
சான் ஹோசே ஸ்டேட் (இரண்டாம் முறை): 42–7
ஃபோர்டம்: 32–26
சான்டா கிளாரா: 26–7
பசிபிக் கல்லூரி: 47–14
லயோலா: 20–2
கூடுதல்: 234–65

ஆட்டத்துக்குச் சராசரி 33 புள்ளி எடுத்து, 9 புள்ளி கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த 65-இல் 26 ஒரே ஆட்டத்தில் போனவை. அந்த ஃபோர்டம் ஆட்டத்தைத் தள்ளிவிட்டால் மற்ற 6 கல்லூரி ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணிகள் எடுத்தது 39 புள்ளிதான்; ஆட்டத்துக்கு ஆறரை. ஒரு டச்டவுனும் கொஞ்சமும்.

பட்டியலில் இரண்டு இடத்தில் 2 என்ற எண் வருகிறது. அதை உற்றுப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து விதிப்படி ஓர் அணியின் மொத்தம் 2 என்றால் அதற்கு ஒரே வழிதான் உண்டு: டான்ஸின் பந்து அதன் சொந்தக் கோட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் முதல் ஆட்டத்தில் சான் ஹோசேயும் கடைசி ஆட்டத்தில் லயோலாவும் தங்கள் தாக்குதலால் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எதிரணித் தாக்குதல் பூஜ்யம்.

இதை உறுதிப்படுத்தும் இன்னொரு எண், ஆட்டத்துக்கு 51.6 கெஜம். எதிரணிகள் டான்ஸுக்கு எதிராகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி முன்னேறிய சராசரித் தூரம் அது. அந்த ஆண்டு அமெரிக்காவின் பெரிய கல்லூரி அணிகளில் இதைவிடக் குறைவாக விட்டுக்கொடுத்தவர் எவரும் இல்லை. 10 கெஜத்துக்கு ஒரு படி என்று வைத்தால், ஒரு முழு ஆட்டத்தில் தரைவழியாக எதிரணி ஏறியது 5 படி. அந்தத் தடுப்பு வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ஜினோ மார்கெட்டி. கலிபோர்னியாவின் ஆன்டியோக் ஊர்க்காரர், இத்தாலியக் குடியேறிகளின் மகன். பள்ளி வயதில் ராணுவத்தில் சேர்ந்து, 1944–45 குளிர்காலத்தின் ஆர்டென் சண்டையைக் கண்டு திரும்பியவர்.

ஒருவரின் ஓட்டக் கணக்கு

தாக்குதலின் நடுநாயகம் ஆலி மேட்சன். 1951-இல் அவர் பந்துடன் ஓடிய தடவைகள் 245. கடந்த தூரம் 1,566 கெஜம். தடவைக்கு 6.4 கெஜம், ஆட்டத்துக்கு 174. டச்டவுன் 21, புள்ளி 126. ஓட்டத் தூரத்திலும் புள்ளியிலும் அந்த ஆண்டு நாட்டிலேயே முதல் இடம். 1948-இல் டெக்சாஸின் ஃபிரெட் வென்ட் வைத்த 1,570 கெஜ உச்சத்தைத் தொட 4 கெஜம்தான் குறைவு.

இந்த எண்ணை முந்தைய எண்ணோடு வைத்துப் பார்த்தால் அணியின் வலிமை புரியும். மேட்சன் ஒருவர் ஆட்டத்துக்கு 174 கெஜம் ஓடினார். எதிரணியின் அத்தனை ஓட்டக்காரர்களும் சேர்ந்து 51.6. மூன்று மடங்குக்கும் அதிகம்.

பருவத்தில் மூச்சுப் பிடித்து ஆடிய ஆட்டம் ஃபோர்டமுக்கு எதிரானது. அக்டோபரில், 4,000 கிலோமீட்டர் கடந்து நியூயார்க் சென்று ஆடினார்கள். பயணச் செலவைப் பார்த்தால் கட்டுப்படியாகாத ஆட்டம். ஆனால் மேற்குக் கரையில் என்னதான் வென்றாலும் நாட்டின் பெரிய பத்திரிகைகள் இருந்தது நியூயார்க்கில். அங்கே பெயர் எடுத்தால்தான் பவுல் அழைப்பு வரும் என்பது கணக்கு. அந்த ஆட்டத்தில் எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து மேட்சன் ஒரு முறை 94 கெஜம், இன்னொரு முறை 90 கெஜம் ஓடிக் கோட்டைத் தொட்டார். இரண்டும் சேர்ந்து 12 புள்ளி. வெற்றி வித்தியாசம் 6. அந்த இரண்டு ஓட்டங்களை எடுத்துவிட்டால் 9–0 என்ற பதிவே இல்லை.

ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பிரின்ஸ்டனின் டிக் காஸ்மையருக்குப் போனது. வாக்குப் பட்டியலில் மேட்சனுக்குக் கிடைத்த இடம் 9.

செலவுக் கணக்கு

இவ்வளவு வென்ற அணிக்கு 70,000 டாலர் துண்டு ஏன் விழுந்தது? 9 ஆட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 7,800 டாலர். அன்றைய மாற்று விகிதம் டாலருக்கு 4 ரூபாய் 76 காசு மதிப்பு என்பதால், மொத்தத்தில் 3 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். அமெரிக்க விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இன்று 8 லட்சம் டாலருக்கு மேல். ஒரு சிறிய ஏசு சபைக் கல்லூரிக்கு இது தாங்கும் தொகை அல்ல.

செலவு ஏறியதற்கு முதல் காரணம் ஆட்ட விதி. 1940-களில் ஆட்டக்காரர்களை விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. தாக்க ஓர் அணி, தடுக்க ஓர் அணி என்று பெரிய கல்லூரிகள் இரட்டை அணி வைக்கத் தொடங்கின. களத்தில் நிற்பது 11 பேர்தான். கல்விக் கட்டணம், சாப்பாடு, உடுப்பு, பயணம் எல்லாம் இரு மடங்கு ஆட்களுக்கு. சிறிய கல்லூரிகள் மூச்சுத் திணறின. கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1953-இல் இந்த விதியை மறுபடி இறுக்கியபோது பல அணிகள் ஏற்கெனவே கலைந்திருந்தன.

இரண்டாவது காரணம் வரவு. டான்ஸின் சொந்த மைதானம் கோல்டன் கேட் பூங்கா ஓரத்தில் இருந்த கீசார் அரங்கம். ஏறக்குறைய 59,000 பேர் உட்காரலாம். அதே அரங்கில் 1946 முதல் தொழில்முறை அணியான ஃபார்ட்டி நைனர்ஸும் ஆடியது. வளைகுடாவுக்கு அக்கரையில் பெர்க்லி, தெற்கே ஸ்டான்போர்ட். பெர்க்லியின் கலிபோர்னியா அணி 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை ரோஸ் பவுல் ஆடியிருந்தது. சனி, ஞாயிறு டிக்கெட்டுக்குச் செலவிட நகரத்தார் கையில் இருந்த பணம் ஒன்று; அதைக் கேட்டு நின்ற வாசல்கள் நான்கு.

மூன்றாவது, தொலைக்காட்சி. 1950-இல் அமெரிக்க வீடுகளில் 9 சதவீதத்தில் பெட்டி இருந்தது. 1955-இல் 64 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டிலேயே ஆட்டம் தெரிந்தால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற அச்சத்தில், 1951 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. மாநாடு நேரடி ஒளிபரப்பைக் கட்டுப்படுத்த 161-க்கு 7 என்ற வாக்கில் முடிவெடுத்தது. எந்த ஆட்டத்தை ஒளிபரப்புவது என்ற பேச்சு வந்தபோது பெரிய கல்லூரிகளின் பெயர்களே முன்னால் நின்றன.

இந்த மூன்று சுமையும் டான்ஸுக்கு மட்டும் வந்தவை அல்ல. டான்ஸ் ஆடிய 7 கல்லூரி ஆட்டங்களில் 3 ஆட்டங்கள் சக ஏசு சபைக் கல்லூரிகளோடு. அவற்றின் கதி இது:

லயோலா: 1951 பருவத்தோடு நிறுத்தம்
சான்டா கிளாரா: 1952 பருவத்தோடு நிறுத்தம்
ஃபோர்டம்: 1954 பருவத்தோடு நிறுத்தம்

வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனும், வளைகுடாப் பகுதியின் இன்னொரு கத்தோலிக்கக் கல்லூரியான செயின்ட் மேரிஸும் 1950 பருவத்தோடு கடையைக் கட்டிவிட்டன. ஆக, டான்ஸின் பற்றாக்குறைக்கு நிற வெறி ஒன்றே காரணம் என்று சொன்னால் அது கணக்கு ஆகாது. துண்டு விழுந்ததற்குக் காரணங்கள் பல. அந்தத் துண்டை அடைக்க இருந்த ஒரே வழி ஏன் அடைபட்டது என்பதே தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அழைப்புக் கணக்கு

அந்த வழி, பவுல் ஆட்டம். புத்தாண்டையொட்டி நடக்கும் இந்த ஆட்டங்களுக்கு நல்ல பதிவு உள்ள அணிகளை அமைப்பாளர்கள் அழைப்பார்கள். அரங்கம் நிறையும், வானொலி வரும், வசூலில் அணிகளுக்குப் பங்கு கிடைக்கும். சிறிய கல்லூரிக்கு ஓர் ஆண்டுச் சுமையை ஒரே மதியத்தில் இறக்கிவைக்கக்கூடிய வருமானம். டான்ஸ் நம்பியிருந்தது அதைத்தான்.

1952 ஜனவரி முதல் தேதி ஆறு பெரிய பவுல் ஆட்டங்கள் நடந்தன. கலிபோர்னியாவில் நடந்தது ஒன்று மட்டும், பாசடீனாவின் ரோஸ் பவுல். அது 1947 முதல் மேற்குக் கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கும் ‘பிக் டென்’ கூட்டமைப்புக்கும் ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டது. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத டான்ஸுக்கு அங்கே இடமே கிடையாது. மீதி ஐந்தும் தென் மாநிலங்களில் நடந்தவை: நியூ ஆர்லியன்ஸின் சுகர், மயாமியின் ஆரஞ்சு, டல்லாஸின் காட்டன், ஜாக்சன்வில்லின் கேட்டர், எல் பாசோவின் சன்.

ஐந்தில் மூன்றில் யார் ஆடினார்கள் என்று பார்ப்போம். அடைப்புக்குள் இருப்பது அழைக்கப்பட்டபோதைய வெற்றி–தோல்வி:

காட்டன்: கென்டக்கி (7–4), டெக்சாஸ் கிறிஸ்டியன் (6–4)
கேட்டர்: மயாமி (7–3), கிளெம்சன் (7–2)
சன்: டெக்சாஸ் டெக், பசிபிக் கல்லூரி

காட்டன் பவுலில் ஆடிய இரண்டு அணிகளுக்கும் தலைக்கு நான்கு தோல்வி. சன் பவுலில் டெக்சாஸ் டெக்கிடம் 14–25 என்று தோற்றது பசிபிக் கல்லூரி. ஆறு வாரம் முன்பு அதே அணியை டான்ஸ் 47–14 என்று வென்றிருந்தது.

டான்ஸ் ஆடிய எதிரணிகள் பலமானவை அல்ல என்ற வாதம் அன்றே சொல்லப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு படைத்தள அணிகளும் இரண்டு முறை சான் ஹோசேயும் உள்ள ஒரு பட்டியலை டென்னசி போன்ற பெரிய அணியின் பட்டியலோடு ஒப்பிட முடியாது. ஆனால் தரவரிசைக்கு வாக்களித்தவர்களும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாக்களித்தார்கள். எதிரணிகளின் பலவீனத்தைக் கழித்துக்கொண்ட பிறகு அவர்கள் டான்ஸுக்குக் கொடுத்த இடம் 14. கேட்டர் பவுல் ஆடிய கிளெம்சனுக்கு 20; மயாமிக்கு முதல் 20-இல் இடமே இல்லை. காட்டன் பவுல் ஆடிய கென்டக்கிக்கு 15. ஆட்டத்தை அளக்க அன்று இருந்த அளவுகோலின்படியே டான்ஸுக்கு ஓர் இடம் உண்டு.

அப்படியானால் எங்கே உதைத்தது? மேட்சன் டெக்சாஸின் டிரினிட்டியில் பிறந்தவர். தடுப்பாட்டக்காரர் பர்ல் டோலர் டென்னசியின் மெம்ஃபிஸில் பிறந்தவர். இருவரும் சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் ஒன்றாக ஆடி, ஒன்றாக டான்ஸுக்கு வந்தவர்கள். இருவரும் கறுப்பர்கள். தென் மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிக்கவும் ஒரே விடுதியில் தங்கவும் தடை இருந்த காலம். அந்தப் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல்.

ஆரஞ்சு பவுலுக்கு வரலாம், இரண்டு கறுப்பு வீரர்களையும் விட்டுவிட்டு வந்தால். அணிக்குத் தெரிவிக்கப்பட்ட நிபந்தனை இது. 1950 ஜனவரியில் அதே ஆரஞ்சு பவுல், அதே வளைகுடாப் பகுதியின் சிறிய ஏசு சபைக் கல்லூரியான சான்டா கிளாராவை அழைத்தது. சான்டா கிளாரா கென்டக்கியை 21–13 என்று வென்றது. அந்த சான்டா கிளாராவை டான்ஸ் 1951-இல் 26–7 என்று வென்றிருக்கிறது. கல்லூரி சிறிது என்பதும், தூரம் அதிகம் என்பதும் தடை இல்லை என்பதற்கு ஆரஞ்சு பவுலின் சொந்த வரலாறே சாட்சி.

‘அந்தக் காலம் அப்படி’ என்று கடந்துபோவதற்கும் கணக்கு இடம் கொடுக்கவில்லை. 1948 ஜனவரியிலேயே டல்லாஸின் காட்டன் பவுலில் பென் ஸ்டேட் அணிக்காக வாலஸ் டிரிப்லெட், டென்னி ஹொகார்ட் என்ற இரண்டு கறுப்பர்கள் ஆடினார்கள். நகர விடுதிகளில் கலப்பு அணிக்கு இடம் கிடைக்காததால் அணி கடற்படைத் தளத்தில் தங்கியது. ஆட்டம் 13–13 என்று முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை. 1951-இன் பசிபிக் அணியிலும் எடி மேகன் என்ற கறுப்பு வீரர் இருந்தார். தென் மாநிலங்களிலும் சில குழுக்கள் கதவைத் திறந்தன, சில குழுக்கள் சாத்தின. சாத்தியவர்கள் தாங்களாகவே முடிவெடுத்துச் சாத்தினார்கள். அதற்கான பொறுப்பும் அவர்களுடையதுதான். நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுலில் முதல் கறுப்பு வீரராக பிட்ஸ்பர்க்கின் பாபி கிரியர் இறங்க 1956 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் ஜார்ஜியா மாநில ஆளுநர் தம் மாநில அணி ஆடக் கூடாது என்று எதிர்த்தார்.

மறுப்பின் விலை

நிபந்தனை வந்தபோது அணி என்ன செய்தது? பயிற்சியாளர் ஜோ குஹாரிச் விஷயத்தைச் சொன்னார். பிற்காலத்தில் அந்த வீரர்கள் சொன்னதன்படி வாக்கெடுப்புக்கே வேலை இருக்கவில்லை. மேட்சனும் டோலரும் இல்லாமல் போக மாட்டோம் என்று அணி மறுத்துவிட்டது. மார்கெட்டி போன்ற வெள்ளை வீரர்கள் முன்னால் நின்று மறுத்தார்கள்.

இந்த இடத்தில் கூட்டலும் கழித்தலும் தேவை. போயிருந்தால் வரவுப் பக்கம் பவுல் வருமானம், நாடு முழுக்கப் பெயர், தொழில்முறை அணிகளின் கண்ணில் படும் வாய்ப்பு, கல்லூரியில் அணி இன்னும் ஓர் ஆண்டாவது நீடிக்கும் நம்பிக்கை. போகாததால் வரவுப் பக்கம் எதுவும் இல்லை. அணி நிதிச் சிக்கலில் இருப்பது வீரர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. கல்வி உதவித்தொகையில் படித்த இருபது வயதுக்காரர்கள் அவர்கள். பலர் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்கள். விலை தெரிந்தே மறுத்தார்கள் என்பதுதான் அந்த மறுப்புக்கு எடை.

விலை வந்து சேரவும் தாமதம் ஆகவில்லை. 20–2 என்று லயோலாவை வென்ற நவம்பர் 24 ஆட்டமே அந்த அணியின் கடைசி ஆட்டம் ஆயிற்று. பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கல்லூரி நிர்வாகம் அணியைக் கலைத்தது. படிப்பு மிச்சம் இருந்த வீரர்கள் வேறு கல்லூரிகளைத் தேடினார்கள். 2 மீட்டருக்கு மேல் உயரமான பாப் செயின்ட் கிளேர் ஓக்லஹோமாவின் டல்சாவுக்குப் போய் 1952 பருவத்தை ஆடினார். குஹாரிச் தொழில்முறை அணியான சிகாகோ கார்டினல்ஸின் பயிற்சியாளர் ஆனார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் 1952 தேர்வில் மேட்சனை அதே கார்டினல்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது.

பின்னால் வந்த வரவு

கலைக்கப்பட்ட அணியின் மதிப்பை அடுத்த நாற்பது ஆண்டுகள் எழுதிவைத்தன. மேட்சன், மார்கெட்டி, செயின்ட் கிளேர், பந்து வீசும் எட் பிரவுன், ஜோ ஸ்குடெரோ ஆகிய 5 பேர் தொழில்முறைக் கால்பந்தின் நட்சத்திர ஆட்டமான ‘ப்ரோ பவுலில்’ ஆடினார்கள். மேட்சனும் மார்கெட்டியும் 1972-இலும், செயின்ட் கிளேர் 1990-இலும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். தோல்வியே இல்லாமல் ஆடியும் ஒரு பவுல் ஆட்டம்கூடக் கிடைக்காத ஒரு கல்லூரி அணியிலிருந்து மூவர்.

மேட்சன் 1952 கோடையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும், 4×400 தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். 1959-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை வாங்கக் கொடுத்த விலை, 8 வீரர்களும் ஒரு தேர்வு உரிமையும்: ஒருவருக்கு ஒன்பது.

அந்தப் பேரத்தை முடித்த ராம்ஸ் பொது மேலாளரின் பெயர் பீட் ரொசெல். 1951-இல் அவர் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விளம்பர அலுவலர். டான்ஸுக்காகப் பத்திரிகைக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசிய இளைஞர். 1960-இல் தொழில்முறைக் கால்பந்துச் சங்கமான என்.எஃப்.எல்.-இன் ஆணையர் ஆகி 1989 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1962-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியோடு ஆண்டுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஒப்பந்தம் செய்து, அதை 14 அணிகளுக்கும் சமமாகப் பிரித்தார். பெரிய நகர அணிக்கும் சிறிய நகர அணிக்கும் ஒரே பங்கு, தலா சுமார் 3 லட்சத்து 32 ஆயிரம் டாலர். டான்ஸைக் கலைத்த பற்றாக்குறையைப்போல நாலே முக்கால் மடங்கு. பணமில்லாத சிறிய அணி எப்படிச் சாகும் என்பதை இருபத்தைந்து வயதில் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். சமப் பங்கு என்ற முடிவில் அந்த அனுபவத்துக்கும் ஒரு பங்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

டோலரின் கணக்கு வேறு வகை. 1952-இல் கல்லூரி நட்சத்திர அணிக்காக ஆடியபோது முழங்கால் முறிந்தது; தொழில்முறையில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஆசிரியரானார். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரானபோது, அந்த நகரத்தில் அந்த நிலைப் பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பர் அவரே. அதற்கு முன்பே, 1965-இல், ரொசெலின் என்.எஃப்.எல். அவரை நடுவராக நியமித்திருந்தது. அந்தச் சங்கத்தின் முதல் கறுப்பு நடுவர். 25 பருவங்கள் பணியாற்றினார். 1980 ஜனவரியில், அந்தச் சங்கத்தின் பட்ட ஆட்டமான சூப்பர் பவுலின் 14-வது பதிப்பில் நின்ற முதல் கறுப்பு நடுவரும் அவரே. அது நடந்த இடம் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கம். 1951 டான்ஸ் தன் கடைசி ஆட்டத்தை லயோலாவோடு ஆடிய அதே அரங்கம்.

கல்லூரியும் தன் வரவைக் கண்டது. கால்பந்தை விட்ட பிறகு அது கூடைப்பந்தில் நின்றது. களத்தில் 5 பேர், பந்து ஒன்று, பக்கத்தில் இருந்த கீசார் உள்ளரங்கம். செலவு கையடக்கம். பில் ரஸ்ஸல், கே.சி. ஜோன்ஸ், ஹால் பெர்ரி என்று மூன்று கறுப்பு வீரர்களை முதல் ஐவரில் இறக்கி 1955-இல் தேசியப் பட்டம், 1956-இல் மறுபடி பட்டம், அதையொட்டித் தொடர்ந்து 60 வெற்றி. தங்கள் தோழரை விட்டுக்கொடுக்காத கால்பந்து வீரர்கள் கலைந்துபோன அதே வளாகம் அது. 2006-இல் 1951 அணியினருக்குக் கல்லூரி கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 2017-இல் ஒரு மாணவர் விடுதிக்கு டோலரின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன் அந்த விடுதி தாங்கியிருந்தது ஜேம்ஸ் ஃபீலனின் பெயர். ஆசியக் குடியேறிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்த அரசியல்வாதி. பெயரை மாற்றச் சொல்லிக் குரல் எழுப்பியவர்கள் மாணவர்கள்.

கணக்கு முடிப்பு

இப்போது பற்று யார் பெயரில் என்ற கேள்விக்கு வரலாம். இரட்டை அணிச் செலவு, ஆள் வராத இருக்கைகள், நியூயார்க் பயணம் இவையெல்லாம் கல்லூரியின் சொந்தப் பற்று. அதை மறுக்க முடியாது. ஒரு பவுல் வருமானம் வந்திருந்தாலும் அணி எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. சக கல்லூரிகளின் பட்டியல் நமக்கு நம்பிக்கை தரவில்லை. ஆனால் 9–0 என்ற அணிக்கு, தரவரிசையில் தனக்குப் பின்னால் நின்ற அணிகளுக்குக் கிடைத்த வாய்ப்பு கிடைக்காமல் போனது விளையாட்டின் கணக்கில் சேராது. அது மயாமியில் முடிவெடுத்தவர்கள் ஒரு கல்லூரியின் தலையில் ஏற்றிய கடன். அந்தக் கடனைக் கல்லூரி கட்டியது. வீரர்கள் கட்டினார்கள். ஏற்றியவர்கள் ஒரு காசும் கட்டவில்லை. நிறைந்த அரங்கில் வேறு இரண்டு அணிகளை வைத்து ஆட்டத்தை நடத்திக்கொண்டார்கள்.

பாகுபாட்டின் பொருளாதாரம் எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. செய்பவனுக்குச் செலவு இல்லை, எதிர்ப்பவனுக்கே செலவு. அதனால்தான் ‘கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்ன’ என்ற குரலுக்கு எப்போதும் கணக்கு சாதகமாக இருக்கும். 1951-இல் அந்த இளைஞர்கள் அனுசரித்துப் போயிருந்தால் ஏடு ஓரளவு நேராகியிருக்கும். மேட்சனும் டோலரும் வீட்டில் இருந்திருப்பார்கள். நேரான ஏட்டைவிட இரண்டு தோழர்கள் பெரிது என்று அவர்கள் எடுத்த முடிவை நான் அந்த அணியின் பத்தாவது வெற்றியாகவே எண்ணுகிறேன். விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் 9–0 என்பதற்குப் பக்கத்தில் 70,000 டாலரையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தத் தொகையைச் சொல்லாமல் அவர்களுடைய மறுப்பைப் புகழ்ந்தால், அவர்கள் எதைக் கொடுத்து அதை வாங்கினார்கள் என்பது தெரியாமலே போய்விடும்.